கண்ணாடியை விடுங்கள், நாணைப் பாருங்கள்

நாகர்கோவிலில் வீடு வைத்திருப்பவனுக்கு விருந்தாளிக்குப் பஞ்சம் கிடையாது. முன்பெல்லாம் வருகிறவர்கள் எங்கே போகக் கேட்பார்கள் என்பதைக் கேட்காமலே சொல்லிவிடலாம். சுசீந்திரம், பத்மநாபபுரம் அரண்மனை, குமரி அம்மன், விவேகானந்தர் பாறை, பொழுது மிஞ்சினால் திற்பரப்பு அருவி. 2024 டிசம்பர் 30-ஆம் தேதி முதல்வர் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்த நாளிலிருந்து இந்தப் பட்டியலின் முதலிடத்தைக் குமரிமுனைக் கண்ணாடிப் பாலம் பிடித்துக்கொண்டது.

வருகிற எல்லோருக்கும் ஒரே சந்தேகம்தான். திருச்சியிலிருந்து வந்த மைனி ரசவடையைப் பிட்டுக்கொண்டே கேட்டதும் அதைத்தான்.

"ஏன் தம்பி, இத்தனை பேரு ஏறுறாங்களே, அது ஒடையாதா?"

"ஒடையாது மைனி" என்று சொல்லி முடித்திருக்கலாம். அவர்களும் நம்பியிருப்பார்கள். ஆனால் அந்தப் பாலத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு மூன்று இருக்கின்றன. அவற்றை ஒருவரும் கேட்பதில்லை. பாலத்தைத் தாங்கி நிற்பது கண்ணாடியே இல்லை. கவலைப்பட வேண்டிய பொருளும் அது இல்லை. இதை ஒழுங்காகச் சொல்ல இன்னொரு சாயா வேண்டும்.

முதலில் அங்கே பாலம் எதற்கு? கரையில் நின்று பார்த்தால் கடலுக்குள் இரண்டு பாறைகள். ஒன்றில் விவேகானந்தர் நினைவு மண்டபம். ஏக்நாத் ரானடே நாடெல்லாம் அலைந்து பணம் திரட்டி, எஸ்.கே. ஆச்சாரி ஸ்தபதியின் வடிவமைப்பில் எழுந்தது. 1970 செப்டம்பர் 2-இல் குடியரசுத் தலைவர் வி.வி. கிரி திறந்துவைத்தார். அடுத்த பாறையில் வை. கணபதி ஸ்தபதி எழுப்பிய 133 அடி வள்ளுவர், 2000 ஜனவரி 1-இலிருந்து நிற்கிறார். ஒரு பாறையிலிருந்து உரக்கக் கூப்பிட்டால் மற்றப் பாறையில் கேட்டுவிடும். அவ்வளவு பக்கம். ஆனால் அந்தச் சின்ன இடைவெளியைக் கடக்க முடியாமல் வள்ளுவரைத் தூரத்தில் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பியவர்கள் எத்தனையோ பேர்.

உள்ளூர்ப் பத்திரிகை படிக்கிறவர்களுக்கு ஒரு தலைப்பு மனப்பாடம். 'கடல் நீர்மட்டம் தாழ்வு: படகுப் போக்குவரத்து தாமதம்.' பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி இந்தச் செய்தி தவறாமல் வரும். அந்த நாள்களில் சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று கடலை இழுப்பதால் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். அளவில் பார்த்தால் இது பெரிய விஷயமே இல்லை. குஜராத்தின் காம்பே வளைகுடாவில் கடல் பத்து மீட்டர் ஏறி இறங்குகிற இடமெல்லாம் உண்டு. நம் முனையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். ஆனால் வள்ளுவர் பாறையைச் சுற்றி நீருக்கு அடியில் வேறு பாறைகள் கிடக்கின்றன. பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் பொதிகை, குகன், விவேகானந்தா படகுகளின் அடிப்பாகம் அவற்றில் தட்டிவிடக்கூடாது. ஒரு முழம் தண்ணீர் குறைந்தாலே போதும், "வள்ளுவருக்கு இன்னைக்குப் படகு இல்ல" என்று சொல்லிவிடுவார்கள். பாலம் வரும்வரை, விவேகானந்தர் பாறைக்குப் போய்விட்டு அப்படியே கரைக்குத் திரும்ப வேண்டியதுதான்.

படகால் போக முடியாத அந்தத் துண்டுக் கடலைக் கால்நடையாகக் கடப்பதற்குத்தான் பாலம். கேரளத்தில் வாகமண்ணில் 2023-இல் ஒரு கண்ணாடிப் பாலம் திறந்தார்கள். மலை விளிம்பிலிருந்து 40 மீட்டர் அந்தரத்தில் நீண்டு, அங்கேயே நின்றுவிடும். நடந்துபோய்ப் பள்ளத்தைப் பார்த்துவிட்டு வந்த வழியே வர வேண்டும். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. பாலம் என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சம். நம்முடையது ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகிறது.

நெடுஞ்சாலைத் துறை கட்டியது. நீளம் 77 மீட்டர், அகலம் 10 மீட்டர், செலவு 37 கோடி ரூபாய். வள்ளுவர் சிலையின் வெள்ளி விழாவை ஒட்டித் திறந்தார்கள்.

இந்த 77 மீட்டருக்கு நடுவே ஒரு தூண்கூடக் கிடையாது. நம் மாவட்டத்துக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஏனென்றால் பாலம் என்றதும் நமக்கு நினைவு வருவது மாத்தூர் தொட்டிப்பாலம். பரளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில், ஒரு மலைச்சரிவிலிருந்து இன்னொரு சரிவுக்குப் பாசனத் தண்ணீரைக் கொண்டுபோகிறது. 1,240 அடி நீளம், 28 தூண்கள். காமராசர் காலத்தில் திட்டமிட்டு 1966-இல் முடித்தார்கள். அங்கே தூண் நட்டுவிடலாம். கீழே தரை இருக்கிறது, ஆறும் வருஷத்தில் பாதி நாள் ஒதுங்கித்தான் ஓடும். முக்கடல் முனையில் நடுத்தூண் நடுவது அப்படியல்ல. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே தென்மேற்குப் பருவக்காற்று கடலையும் கிளப்பிவிடும். இரண்டு பாறைக்கும் இடையே நெருக்கி வருகிற அலை, நடுவில் நிற்கும் எதையும் இரவு பகலாக அறைந்துகொண்டிருக்கும். ஒரே தாவலில் கடந்துவிடுவது உத்தமம்.

ஒரே தாவலில் 77 மீட்டர் கடப்பதற்குப் பழைய வழி வளைவு. கல்லில், செங்கல்லில் நம்மவர்களும் ரோமானியர்களும் கட்டியதுதான். வளைவின் சூட்சுமம், மேலே விழுகிற பாரத்தை அது இரண்டு பக்கமும் பிரித்து அமுக்கமாகக் கீழே அனுப்பிவிடும். கல்லுக்கு அமுக்கம் என்றால் கொண்டாட்டம், இழுப்பு என்றால் ஆகாது. ஒரு கருங்கல் தூணின் தலையில் எவ்வளவு பாரம் வேண்டுமானாலும் ஏற்றலாம். அதே கல்லைப் படுக்கப் போட்டு உத்தரமாக்கி நடுவில் பாரம் வைத்தால், அடிப்பக்கம் இழுபட்டு விரிந்து, ஒரு நாள் இரண்டாகப் பிளக்கும். கோயில் மண்டபங்களில் தூண்கள் அவ்வளவு நெருக்கமாக நிற்பதற்குக் காரணம் அழகு மட்டுமில்லை.

வளைவுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அதன் இரண்டு கால்களும் வெளிப்பக்கமாக விலகப் பார்க்கும். வெள்ளையடிக்க வருகிறவர்கள் இரட்டை ஏணி கொண்டுவருவார்கள், பார்த்திருப்பீர்கள். தலையில் சேர்ந்து காலில் விரிந்து நிற்கும். மேலே ஆள் ஏறியதும் கால்கள் இன்னும் விரியப் பார்க்கும். விரிந்துவிடாமல் இருக்க நடுவே ஒரு கயிறு கட்டியிருப்பார்கள். ஆள் ஏறுகிறபோது அந்தக் கயிறு விறைப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஏணி நிற்பது அந்தக் கயிற்றால்தான்.

கண்ணாடிப் பாலத்தின் வடிவமும் அதுவே. பொறியாளர்கள் இதை வில்நாண் வளைவுப் பாலம் என்பார்கள். இரண்டு பக்கமும் எழும்பித் தெரிகிற எஃகு வளைவு வில். நாம் நடக்கிற தளத்தை ஒட்டி ஓரமாக ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடுகிற எஃகு உத்தரம் நாண். வில்லிலிருந்து செங்குத்தாக இறங்கித் தளத்தைத் தூக்கிப் பிடித்திருக்கிறவை தொங்கிகள். நடக்கிறவர்களின் பாரம் தளத்துக்கு, தளத்திலிருந்து தொங்கி வழியாக மேலே வளைவுக்கு, வளைவு வழியாக இரண்டு முனைக்கு. முனைக்கு வந்ததும் வளைவு வெளியே உதைக்கப் பார்க்கிறது, நாண் "எங்கே போறே?" என்று இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. சண்டை பாலத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. பாறைக்குப் போய்ச் சேர்வது நேர் கீழ்நோக்கிய பாரம் மட்டும். ஒரு பாறையில் 7,000 டன் சிலை, இன்னொன்றில் மண்டபம். இரண்டையும் பக்கவாட்டில் உதைக்காமல், சும்மா மேலே உட்கார்ந்துகொள்கிற பாலம் என்பது எவ்வளவு மரியாதையான ஏற்பாடு!

இதில் இன்னொரு நுணுக்கம். வில் எவ்வளவு தட்டையாக இருக்கிறதோ நாணுக்கு அவ்வளவு கஷ்டம். அதே பாரத்துக்கு வளைவின் உயரத்தைப் பாதியாக்கினால் நாணின் இழுப்பு இரட்டிப்பாகும். அதனால் "பாலம் இன்னும் கொஞ்சம் அடக்கமாக இருந்திருக்கக் கூடாதா, வள்ளுவரை மறைக்கிறதே" என்று வருத்தப்படுகிறவர்களுக்கு என் பதில் இதுதான்: வளைவைத் தாழ்த்தினால் எஃகு தடிக்கும், அப்போது பாலம் இன்னும் முரட்டுத்தனமாகத் தெரியும். கரையிலிருந்து சில கோணங்களில் வெள்ளை வளைவு நடுவில் வந்து நிற்பது உண்மை. எனக்கும் அது முழுச் சம்மதம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தூண்களோடு ஒரு சிமெண்டுப் பாலம் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறபோது வாயை மூடிக்கொள்கிறேன்.

பாலத்தின் கடைசிக்குப் போனால் எல்லோரும் சிலையைப் பார்த்துத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் ஒரு நிமிஷம் காலடியைப் பாருங்கள். பாலம் முடிந்து பாறைத் தளம் தொடங்குகிற இடத்தில் எந்தப் பாலத்திலும் ஓர் இடைவெளி விட்டிருப்பார்கள். எஃகு வெயிலில் நீளும். 77 மீட்டர் எஃகு விடியற்காலையிலிருந்து உச்சிவேளைக்குள் 20 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 18 மில்லிமீட்டர் நீளும். ஒரு விரல் அகலம். நீள இடம் கொடுக்காவிட்டால் ஒன்று பாலம் வளையும், இல்லை பாறையின் விளிம்பு நொறுங்கும். அதனால் பொதுவாக ஒரு முனையைக் கட்டிப்போட்டு, மறுமுனையை வழுக்குகிற தாங்கிமேல் உட்கார வைப்பார்கள். கடலோரத்தில் முதலில் கெட்டுப்போக வாய்ப்புள்ள இடமும் அந்தத் தாங்கிதான். அதற்கு அப்புறம் வருகிறேன்.

"சரி தம்பி, கண்ணாடி?" என்று மைனி விடவில்லை.

கண்ணாடியும் கல்லின் ஜாதிதான். அமுக்கினால் தாங்கும், இழுத்தால் உடையும். எந்தக் கண்ணாடியின் மேற்பரப்பிலும் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கும். இழுப்பு வந்தால் அந்தக் கீறல் வாய் திறந்து உள்ளே ஓடும், அதுதான் உடைதல். இதற்கு ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள். கண்ணாடியை 600 டிகிரிக்கு மேலே சூடாக்கி, இரண்டு பக்கமும் குளிர்ந்த காற்றை அடிப்பார்கள். தோல் முதலில் இறுகிவிடும். உள்ளே இருப்பது பின்னால் மெதுவாக ஆறும், ஆறும்போது சுருங்கும், சுருங்குகிறபோது இறுகிவிட்ட தோலையும் சேர்த்து உள்ளே இழுக்கும். ஆக, மேல்தோல் எப்போதும் அமுக்கத்திலேயே இருக்கும். கீறல் வாய் திறக்க வேண்டுமானால் முதலில் அந்த அமுக்கத்தை வெல்ல வேண்டும். சாதாரணக் கண்ணாடியைவிட நான்கைந்து மடங்கு பலம் இதனால் கிடைக்கிறது.

அதுவும் போதாதென்று, ஒன்றின்மேல் ஒன்றாகக் கண்ணாடிகளை அடுக்கி, நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டுவார்கள். அரசுப் பேருந்தின் முன் கண்ணாடியில் கல் பட்டால் வலை மாதிரி விரிசல் ஓடும், ஆனால் ஒரு துண்டும் கீழே விழாது. அந்தப் படலம் பிடித்துக்கொள்கிறது. பிரான்சில் எதுவார் பெனடிக்டஸ் என்ற வேதியியலாளரின் கையிலிருந்து 1903-இல் ஒரு குடுவை தவறி விழுந்தது; விரிசல் விட்டது, சிதறவில்லை. உள்ளே காய்ந்து ஒட்டியிருந்த ஒரு ரசாயனப் படலம் துண்டுகளைப் பிடித்திருந்தது. பேருந்திலும் பாலத்திலும் இன்று இருப்பது அந்த விபத்தின் வாரிசு.

நடக்கிற தளத்துக்கு அடுக்குக் கண்ணாடி போடும்போது ஒரு கணக்கு வைத்துத்தான் போடுவார்கள். ஓர் அடுக்கு உடைந்தாலும் மிச்சம் இருப்பவை ஆளைத் தாங்க வேண்டும். மேல் அடுக்கு அடி வாங்குவதற்கென்றே இருப்பது. 2025-இல் நம் பாலத்தில் பராமரிப்பு வேலையின்போது மேலிருந்து சுத்தியல் விழுந்து ஒரு கண்ணாடியில் விரிசல் விட்டது. படம் வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றியது. 'திறந்து ஒரு வருஷம் ஆகல, அதுக்குள்ள பாத்தியளா?' என்று ஆளுக்கொரு தீர்ப்பு. ஆட்சியர் விளக்கம் சொன்னார், கண்ணாடியை மாற்றினார்கள். சிகாகோவில் வில்லிஸ் கோபுரத்தின் 103-ஆம் மாடிக் கண்ணாடிப் பெட்டியிலும் 2014-இல் இதுவே நடந்தது. உள்ளே நின்றவர்களின் காலடியில் மேல்பூச்சு வலை வலையாக விரிந்தது. கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. செய்தியாக வந்தது விரிசல். தாங்கி நின்றது செய்தியாகவில்லை.

இத்தனையும் கேட்டுவிட்டு மைனி மறுநாள் பாலத்துக்கு வந்தார்கள். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணாடிப் பலகைகள் சேருகிற கோட்டின்மேல் மட்டும் காலை வைத்து, பக்கவாட்டில் நண்டு நடப்பதுபோல நடந்தார்கள். கீழே அலை பாறையில் மோதி நுரை பரவி வடிவது காலுக்கு நேராகத் தெரிகிறது. கோட்டுக்கு அடியில் எஃகுச் சட்டம் இருக்கிறது என்று கால் தானாகக் கண்டுபிடித்துக்கொண்டது. எஞ்சினியரிங் படித்த அவர்கள் பையனும் அதே கோட்டில்தான் நடந்தான்!

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எலினார் கிப்சன், ரிச்சர்ட் வாக் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஒரு மேசை செய்தார்கள். மேலே முழுக்கக் கண்ணாடி. பாதிக் கண்ணாடிக்கு அடியில் உடனே கட்டம் போட்ட துணி. மீதிப் பாதியில் அந்தத் துணி தரையில் கிடக்கும், பள்ளம் போலத் தெரியும். ஆறு மாதத்திலிருந்து பதினாலு மாதம் வரை உள்ள 36 குழந்தைகளை நடுவில் விட்டுத் தாயை அழைக்கச் சொன்னார்கள். 27 குழந்தைகள் தவழ்ந்தன. பள்ளமாகத் தெரிந்த பக்கம் போனவை மூன்றே. கண்ணாடியைக் கையால் தட்டிப் பார்த்து, உறுதி என்று தெரிந்த பிறகும் மற்றவை போகவில்லை. 1960-இல் வெளியான ஆய்வு இது. கண் பள்ளம் என்று சொல்லிவிட்டால், கால் எஞ்சினியர் பேச்சைக் கேட்காது. கண்ணாடிப் பாலங்கள் பிழைப்பு நடத்துவது இந்தப் பழைய பயத்தை வைத்துத்தான். கூட்டம் சேர்க்கத்தான் கண்ணாடி. தளத்தைச் சாதாரணமாகப் போட்டிருந்தாலும் பாலம் பாலமாகத்தான் நிற்கும். ஆனால் விருந்தாளிகள் கேட்டு வந்திருக்க மாட்டார்கள், அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

இனி, கேட்க வேண்டிய கேள்விகள்.

ஒன்று, எத்தனை பேர் ஏறுகிறார்கள், எப்படி நடக்கிறார்கள். வள்ளுவர் சிலை திறந்த அதே 2000-இல், ஜூன் மாதம், லண்டனில் தேம்ஸ் நதியின் குறுக்கே மில்லேனியம் பாலம் என்று ஒரு நடைபாலம் திறந்தார்கள். ஒரு பக்கம் செயின்ட் பால் தேவாலயம், மறு பக்கம் டேட் மாடர்ன் கலைக்கூடம். திறந்த அன்றே கூட்டம் அலைமோத, பாலம் பக்கவாட்டில் ஆடத் தொடங்கியது. இரண்டே நாளில் மூடினார்கள். உடையவில்லை, ஒருவருக்கும் ஆபத்தில்லை. நடக்கும்போது நாம் இடமும் வலமுமாக உடம்பைச் சாய்த்துச் சாய்த்துத்தான் நடக்கிறோம், நமக்கே தெரிவதில்லை. பாலம் கொஞ்சம் அசைந்ததும் கீழே விழாமல் இருக்க எல்லோரும் அந்த அசைவுக்கு ஏற்றபடி அடி வைக்கிறார்கள். நூறு பேர் ஒரே தாளத்துக்கு வந்ததும் பாலம் இன்னும் ஆடுகிறது. அதிர்வை உறிஞ்சும் கருவிகள் பொருத்தி 2002-இல்தான் மறுபடி திறந்தார்கள். வில்நாண் பாலம் இயல்பிலேயே விறைப்பு. லண்டனில் இருந்தது தொய்வான தொங்கு வகை. ஆனாலும் எந்த நடைபாலத்திலும் ஆள் கணக்கு முக்கியம். நடுவில் நின்று நாலு பையன்கள் சேர்ந்து குதிக்கிறபோது காவலர் விசில் ஊதினால், அவர் மேல் கோபப்படாதீர்கள்.

இரண்டாவது கேள்விதான் பெரியது. உப்பு.

முனையில் வீசுகிற காற்றில் உப்பு கலந்தே இருக்கும். அலை நொறுங்கும்போது தெறிக்கிற நுண்துளிகள் காற்றோடு வந்து படியும். நீர் வற்றி உப்பு தங்கும். உப்புக்கு ஈரத்தை இழுக்கிற குணம். ராத்திரி காற்றிலிருந்து ஈரத்தை வாங்கித் தன்னைச் சுற்றி ஈரமாகவே வைத்துக்கொள்ளும். எஃகின் மேல் பூச்சில் ஓர் ஊசிமுனை அளவு ஓட்டை கிடைத்தால் போதும். மழை பெய்து கழுவிவிடுகிற திறந்த இடங்களில் அவ்வளவு மோசமில்லை. மழை படாத அடிப்பக்கம், மடிப்பு, போல்ட் தலையின் இடுக்கு, கண்ணாடி உட்காருகிற சட்டத்தின் மூலை, அந்த வழுக்குத் தாங்கி, இங்கெல்லாம்தான் உப்பு குடியிருக்கும். சின்னமுட்டம், மணக்குடிப் பக்கம் கடலைப் பார்த்து நிற்கிற வீடுகளில் ஜன்னல் கம்பியைப் பாருங்கள். கம்பியின் நடுப்பகுதி தெளிவாக இருக்கும். சட்டத்துக்குள் நுழைகிற இடத்தில் உப்பிப் பொருக்குத் தட்டி உதிரும்.

கல்லையும் உப்பு விட்டுவைக்காது. வள்ளுவர் சிலைக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சாரம் கட்டி வைத்தியம் செய்கிறார்கள், அதைப் பார்த்திருக்கிறீர்களா? என்னைக் கேட்டால் பாலத்தைவிட அது பெரிய காட்சி. கல்லின் நுண்துளைகளுக்குள் உப்புநீர் போய், அங்கே காய்ந்து படிகமாகும். படிகம் வளர இடம் வேண்டுமே. துளையின் சுவரைத் தள்ளும். இப்படி வருஷக்கணக்கில் தள்ளினால் மேல்தோல் பொடிந்து உதிரும். அதனால் முதலில் நல்ல தண்ணீரால் கழுவுவார்கள். கல்லுக்கும் கல்லுக்கும் இடையே உள்ள இணைப்புகளில் சுண்ணாம்பு, கருப்பட்டி, கடுக்காய் சேர்ந்த கலவையைப் பூசுவார்கள். பிறகு காகிதக் கூழ். ஈரக் காகிதக் கூழைச் சிலை முழுக்க அப்பிவிடுவார்கள். கூழில் உள்ள நீர் கல்லுக்குள் போய் உப்பைக் கரைக்கும். வெயிலில் கூழ் காயும்போது நீர் வெளியே வரும், கரைந்த உப்பும் கூடவே வந்து கூழில் தங்கிவிடும். காய்ந்ததை உரித்து எறிந்தால் உப்பும் போகும். மறுபடி கழுவி, ஈரம் ஏறாமலிருக்கச் சிலிக்கோன் பூச்சு. 133 அடி உயரத்துக்குத் தாடியில், தோளில், விரலிடுக்கில் மனிதர்கள் தொங்கிக்கொண்டு காகிதக் கூழ் அப்புகிறார்கள் என்றால் நம்பச் சிரமம்தான்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. நாம் தப்பு செய்தால் கல் பொறுத்துக்கொள்ளும். கணபதி ஸ்தபதியின் சிலையில் 38 அடி பீடம் அறத்துப்பாலின் 38 அதிகாரத்துக்கு, 95 அடி உருவம் பொருளுக்கும் இன்பத்துக்கும். இடுப்பை லேசாக ஒசித்து நிற்கிற அந்த நளினத்திலும் ஒவ்வொரு கல்லும் அடுத்த கல்லை அமுக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறது. 2004 டிசம்பர் 26-இல் சுனாமி வந்து மோதியபோதும் சிலை அசையவில்லை. அமுக்கத்தில் நிற்கிற கட்டடத்தில் ஓர் ஓரம் பொடிந்தால் பொடிந்தது அந்த ஓரம் மட்டும். இழுப்பில் நிற்கிற எஃகு அப்படியில்லை. நாணின் கனத்தைத் துரு அரித்து மெலியவைத்தால் அந்த அளவுக்கு வில்லின் ஆயுள் குறைகிறது. 2022 அக்டோபர் 30-ஆம் தேதி குஜராத்தில் மோர்பி தொங்குபாலம் அறுந்து 130-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பிரதான வடத்தில் இருந்த 49 கம்பிகளில் 22 ஏற்கெனவே அரித்துப் போயிருந்தன என்று விசாரணைக் குழு சொன்னது. கூட்டத்துக்கும் கணக்கில்லை. அங்கே கண்ணாடியே கிடையாது. நம் பாலம் அந்த வகையும் இல்லை, அந்த வயதும் இல்லை, உப்புக்காற்றை மனதில் வைத்துத்தான் கட்டியிருக்கிறார்கள். ஆனால் துருவுக்கு அவசரம் கிடையாது. பதினைந்து, இருபது வருஷம் காத்திருக்கும்.

ஆக, பாலம் சில நாள் மூடியிருக்கிறது, பராமரிப்பு வேலை நடக்கிறது என்ற அறிவிப்பைக் கண்டால் நாம் எரிச்சல்படுகிறோம் பாருங்கள், அது தலைகீழ். மூடாமலே வருஷக்கணக்கில் ஓடினால்தான் கேட்க வேண்டும். ஆடி மாதக் காற்றில் படகு நின்றாலே மூஞ்சியைத் தூக்கிக்கொள்கிற கூட்டம் நாம். பூச்சு உரித்துப் பூச ஒரு வாரம் மூடினால் மீம்ஸ் போடாமல் இருப்போமா என்பது சந்தேகம்தான்.

பாலம் தீர்க்காத பிரச்சினை ஒன்று கரையிலேயே இருக்கிறது. இரண்டு பாறைக்கும் இடையே உள்ள கடலைத்தான் பாலம் கடந்தது. கரைக்கும் பாறைக்கும் இடையே இன்னும் படகுதான். கண்ணாடிப் பாலத்தின் பெயர் பரவியதும் அந்தப் படகுத்துறை வரிசைதான் நீண்டது. சங்கு, பாசிமணி, வண்ண மணல் பாக்கெட், பனங்கற்கண்டு விற்கிற கடைத்தெரு வரை ஆட்கள் வெயிலில் நிற்கிறார்கள். கடைக்காரர்களுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. குழந்தைகளை, வயசானவர்களைக் கூட்டிவருகிறவர்களுக்குத்தான் பாடு.

அதனால் வருகிறவர்களுக்கு நான் சொல்வது: சனி, ஞாயிறு, சபரிமலைக் காலம், ஜனவரி முதல் வாரம் வேண்டாம். காலை எட்டு மணிக்கு முதல் படகு. உதயம் பார்த்த கையோடு இட்லிக்கடையில் உட்காராமல் நேரே வரிசைக்குப் போய்விடுங்கள், காப்பியைப் பொட்டலத்தில் வாங்கிக்கொள்ளலாம். மாலை நாலு மணியோடு படகு முடிந்துவிடும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாளென்றால் புறப்படுமுன் படகுத்துறையில் விசாரித்துவிடுங்கள். விவேகானந்தர் பாறைக்கே படகு தாமதமாகிற நாளும் உண்டு. பாறைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் மற்றதற்குக் கவலையில்லை, நடந்தே போகலாம்.

மைனிக்கு நடந்து முடித்ததும் ஒரு கேள்வி மிச்சமிருந்தது. "அந்தக் காயிதக் கூழு அடுத்தாப்ல எப்ப பூசுவாங்க தம்பி? அதுக்கு ஒருக்கா வாறேன்." விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.